ஸ்டூல் போட்டால் சோம்பலா?

கடையில் ஆள் நின்றால்தான் வாடிக்கையாளருக்கு மரியாதை, உட்கார இடம் கொடுத்தால் சோம்பல் தொற்றி வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்கள் தி.நகர் கடைக்காரர்கள் பலர். எச்.ஆர். படித்தவர்களும் இதற்கு 'ஒழுங்கு' என்று பெயர் வைக்கிறார்கள்.

ஒன்று: நிற்பதுதான் மரியாதை என்றால் கல்லாவில் முதலாளி ஏன் உட்கார்ந்திருக்கிறார்?

இரண்டு: அந்தக் கால ஜவுளிக்கடைகளில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார்ந்துதான் சேலையைப் பிரித்துக் காட்டினார்கள். யாருக்கு மரியாதை குறைந்தது?

மூன்று: சட்டம் கேட்பதைப் படித்தீர்களா? 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் சேர்த்த 22-ஏ பிரிவு, எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது. அவ்வளவுதான். வாடிக்கையாளர் வரும்போது எழுந்திருக்காதே என்று அது சொல்லவில்லை. கேரளம் 2018-லேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. அங்கே ஜவுளிக்கடைகளைப் பூட்டிவிட்டார்களா?

கூட்டமில்லாத மதியம் ரங்கநாதன் தெருப் பக்கம் ஏதாவது சேலைப் பிரிவில் ஏறிப் பாருங்கள். செருப்பிலிருந்து குதிகாலை உருவி, தூணில் சாய்ந்து நிற்கும் பெண், மேற்பார்வையாளர் தலை தெரிந்ததும் விறைத்துக்கொள்வாள். அந்த விறைப்பில் எத்தனை புடவை கூடுதலாக விற்றது? 'ஆள் நிலைப்பதே இல்லை' என்று புலம்புபவரும் இதே முதலாளிதான்.

அடுத்த முறை சேலை எடுக்கப் போனால், தள்ளுபடி கேட்கும் முன் ஸ்டூல் எங்கே என்று கேளுங்கள்.