வயசாயிடுச்சுன்னு சொல்லாதீங்க... அதுக்கு வலிக்குது!

மறைமலை நகரிலிருந்து தாம்பரம் வரை அப்பார்ட்மென்டுக்கு அப்பார்ட்மென்ட் நாய் வளர்க்கிறார்கள். நல்ல விஷயம்தான். பிறந்தநாளுக்கு கேக் வெட்டுகிறார்கள், ஸ்வெட்டர்கூட போடுகிறார்கள் (செங்கல்பட்டு மாவட்டத்து வெயிலில் ஸ்வெட்டர்! அதைத் தனிப்பதிவு போட்டுத்தான் திட்ட வேண்டும்). அதே லாப்ரடார் பத்து வயதில் மாடிப்படி ஏறத் தயங்கினால்? "வயசாயிடுச்சுங்க, அப்படித்தான் இருக்கும்."

அவ்வளவுதான் வைத்தியம்.

அய்யா, வயது ஒரு நோய் இல்லை. படி ஏறத் தயங்குவது, எழும்போது பின்னங்கால் நடுங்குவது, தொட்டால் உறுமுவது, மூட்டையே நக்கிக்கொண்டிருப்பது எல்லாம் பெரும்பாலும் மூட்டுத் தேய்மான வலி. 'கத்தவே இல்லையே' என்பார்கள். நாள்பட்ட வலியில் நாய் கத்தாது, ஒடுங்கிப் போகும். பூனை இன்னும் மோசம், மறைத்தே வைத்துவிடும். அதற்காகவே மான்ட்ரியல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2019-ல் ஒரு அளவுகோல் வெளியிட்டார்கள். காது, கண், வாய்ப்பகுதி, மீசை, தலை நிற்கும் விதம் என்று ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, பூனைக்குத் திடீரென வந்த வலியை முகத்தைப் பார்த்தே கணிக்கலாம். நாய்க்கு கிளாஸ்கோ அளவுகோல் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

சிலர் சும்மா இருப்பதில்லை, அது இன்னும் ஆபத்து. வீட்டு மருந்து டப்பாவிலிருந்து ஒரு பாராசிட்டமால்! நமக்குக் கேட்கிற மாத்திரை அதுக்குக் கேட்காதா என்ற லாஜிக். பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது. ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும். ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை போதும், பூனை செத்துவிடும். ஐபுப்ரோபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் காலி செய்யும்.

ஒரு உயிருக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம் என்பதை இந்தியா ரொம்பப் பெரிய விலை கொடுத்துத்தான் படித்தது. மாட்டு வலிக்குப் போட்ட டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. மூன்று இனங்கள் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. தமிழ்நாட்டில் மோயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் கொஞ்சம் மிச்சம். 2006-ல் கால்நடைக்கு டைக்ளோபினாக் தடை, 2023-ல் கீட்டோபுரோபெனும் அசிக்ளோபினாக்கும். ஆனால் வலி மருந்தே கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? கழுகுக்கும் பாதகமில்லாத மெலாக்சிகாம் கைவசம் இருந்தது. எடை பார்த்து, சிறுநீரகப் பரிசோதனை பார்த்து கால்நடை டாக்டர் நாய்க்குக் கொடுப்பதும் பல நேரம் அதே மெலாக்சிகாம்தான்.

அடுத்தது பணம். குட்டி வாங்கும்போது ஆயிரக்கணக்கில் யோசிக்காமல் எண்ணிக் கொடுத்தவர், கருத்தடை ஆபரேஷன் முடிந்ததும் பில்லில் முதலில் குறைக்கச் சொல்வது வலி மருந்தை! முதலீடு செய்துவிட்டு பராமரிப்புச் செலவே வராது என்று நினைக்கிற கணக்கு எந்த பி.காம் புத்தகத்திலும் இல்லை :)

வேப்பேரி தூரம் என்பது பாதி நியாயம். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கு, நொண்டுகிற நாயோடு இங்கிருந்து போய்வர ஒரு நாள் ஆகிவிடும். ஆனால் வருஷா வருஷம் தடுப்பூசிக்குப் பக்கத்து கிளினிக்குக்குப் போகிறார்களே, அங்கே கேட்டால் என்ன? போவதற்கு முன் நாய் படி ஏறுவதையும் எழுந்து நிற்பதையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போகட்டும். கிளினிக் பயத்தில் பல நாய்கள் அங்கே நொண்டுவதே இல்லை.