முல்லைப் பெரியாறு வழக்கு ஏன் நேரா உச்ச நீதிமன்றம் போனது?

அணை இருப்பது கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில். தண்ணீர் பாய்வது தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களுக்கு. அப்போ வழக்கு எந்த கோர்ட்டுக்கு?

இரண்டு மாநில அரசுகள் மோதினால், அரசியல் சாசனத்தின் 131-வது பிரிவுப்படி நேரடியாக உச்ச நீதிமன்றம்தான். அமெரிக்க அரசியல் சாசனத்திலும் இதே ஏற்பாடு உண்டு.

நதிநீர்ப் பிரச்னைன்னா நடுவர் மன்றம்தானே? இங்கே தண்ணீர் எடுக்கும் உரிமையில் சண்டை இல்லை, நீர்மட்டத்தை உயர்த்தலாமா என்பதே கேள்வி என்று 2006 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 142 அடிக்கு அனுமதியும் தந்தது. அடுத்த மாதமே 136 அடியைத் தாண்டக் கூடாது என கேரளா சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 131-ன் கீழ் வழக்கு போட்டது.

2014 மே 7-ல் 5 நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லாது என்றது. தீர்ப்பு பிடிக்கலைன்னா சீராய்வு கேட்கலாம். சட்டம் போட்டு அதை ரத்து செய்ய முடியாது.

இது கேரளாவுக்கு மட்டுமான பாடம் இல்ல. நாளைக்கு தமிழ்நாடு அரசு தோற்றாலும் இதே விதிதான்.