முகூர்த்தத்துக்கு முன்னால் கண்ணீரை அளந்து பாருங்கள்!

"தை மாசம் கல்யாணமுங்க... அதுக்குள்ளே இந்தக் கண்ணாடியை எடுத்துப்போடோணும்!"

கோவையில் கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள், இந்தக் குரல் காதில் விழும். பொள்ளாச்சி, உடுமலை, கோபி என்று எங்கிருந்தோ பஸ் பிடித்து அம்மாவும் பெண்ணும் வந்திருப்பார்கள். ஜாதகம் பொருந்தியாச்சு, மண்டபம் பேசியாச்சு, பட்டுச் சேலை எடுத்தாச்சு. பாக்கி இருப்பது பெண்ணின் மூக்கு மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி ஒன்றுதான். லேசர் வைத்து அதையும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது!

அந்தப் பெண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். அடிக்கடி கண்ணைக் கசக்குகிறாள். "மண்ணு விழுந்தாப்பல உறுத்துதும்மா" என்று ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். "கம்ப்யூட்டரையே பாத்துட்டிருந்தா அப்படித்தான் அம்மிணி" என்று அம்மாவும் ஆறு மாசமாகவே பதில் சொல்கிறார்.

கண்ணாடியை எடுப்பதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் அந்த உறுத்தலுக்குப் பதில் வேண்டும். கல்யாணத் தேதியைப் பார்த்துக் கண் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது தப்பு என்பது என் கட்சி.

கண்ணீர் என்றதும் அழும்போது வருவதை மட்டும் நினைக்காதீர்கள். கருவிழியின் மேல் எந்நேரமும் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. அடியில் பிசுபிசுப்பு, நடுவில் தண்ணீர், மேலே எண்ணெய். அந்த எண்ணெய் இமை ஓரத்துச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. அது குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். "எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது, நீங்க வறட்சின்னு சொல்றீங்களே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. உறுத்தல் தாங்காமல் கண் அவசரத்துக்கு இறைக்கும் வெறும் தண்ணீர் அது. நிலைத்து நிற்காது.

நம்ம ஊர் சமாசாரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அதே காற்று பைக்கில் போகிறவர் கண்ணையும் காய வைக்கிறது. சரவணம்பட்டி, பீளமேடு கம்பெனிகளில் நாள் முழுக்க ஏ.சி. திருப்பூர் பனியன் கம்பெனியில் 'செக்கிங்' பார்க்கும் பெண்கள் டியூப் லைட்டுக்கு அடியில் துணியையே உற்றுப் பார்க்கிறார்கள். உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடும். இமைத்தால்தானே படலம் பரவும்?

இப்படிப்பட்ட கண்ணில் 'லேசிக்' செய்தால் என்ன ஆகும்? கருவிழியின் மேல் பகுதியில் மூடி மாதிரி ஒரு மெல்லிய தோலை வெட்டித் திறந்து, அடியில் லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படிய வைக்கிறார்கள். வெட்டும்போது நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. "காய்கிறது, கண்ணீர் அனுப்பு" என்று சுரப்பிக்குத் தகவல் சொல்வதே இந்த நரம்புகள்தான். அவை மறுபடி வளர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை, நன்றாக இருந்த கண்ணே காயும். ஏற்கெனவே காய்ந்த கண்ணின் கதி?

லேசிக்கைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ.வும் வேறு இரு அரசு அமைப்புகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில், முன்பு வறட்சியே இல்லாதவர்களில் 28 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்துக் கண் காய்வதாகச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு நாளாவட்டத்தில் குறைந்துவிடும். சிலருக்கு நீடிக்கும். வறட்சி, வலி பற்றியெல்லாம் நோயாளியிடம் முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எஃப்.டி.ஏ. 2022-ல் ஒரு வரைவு அறிக்கையும் வெளியிட்டது.

ஆகவே டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "கண்ணீர் டெஸ்ட் எடுத்தாச்சுங்களா?" கீழிமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி, ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். 10-க்கு மேல் என்றால் நிம்மதி. 5-க்குள் என்றால் யோசிக்க வேண்டும். மஞ்சள் சாயம் விட்டு, படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்பதையும் பார்ப்பார்கள். 10 விநாடிக்குள் உடைந்தால் சரியில்லை.

இன்னொன்று. காய்ந்த கண்ணில் எடுக்கும் அளவே தப்பாகப் போகலாம். இன்றைக்கு ஒரு 'பவர்', அடுத்த வாரம் வேறு. அந்த அளவை வைத்துச் செதுக்கினால் ஆபரேஷன் நன்றாக நடந்தும் பார்வை சரியாக இருக்காது. வீட்டில் தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்றாலும் இதே கதைதான். உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் பிசகலாம். வறட்சிக்கு முதலில் வைத்தியம், பிறகு மறுபடி அளவு!

முகப்பருவுக்கு 'ஐசோட்ரெட்டினாயின்' மாத்திரை சாப்பிடும் மணப்பெண்கள் அதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதுவும் கண்ணைக் காய வைக்கும். அலர்ஜி மாத்திரைகளும் அப்படியே. கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டும் வலித்தால் ரத்தப் பரிசோதனை வேண்டியிருக்கலாம். அப்படிப்பட்ட நோய் இருப்பவர்களுக்குப் பொதுவாக லேசர் ஒத்து வராது.

லேசிக் வேண்டாம் என்றால் வேறு வழி? 'ஸ்மைல்' முறையில் மூடி வெட்டுவதில்லை. லேசிக்கில் சுமார் 20 மில்லிமீட்டர் வெட்டு, இதில் 2 முதல் 4 வரைதான். வறட்சியும் பொதுவாகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. பவர் அதிகமானவர்களுக்குக் கருவிழியைச் செதுக்காமல், கண்ணுக்குள்ளேயே மெல்லிய லென்ஸ் பொருத்தும் 'ஐ.சி.எல்.' இருக்கிறது. வறண்ட கண்காரர்களுக்குப் பல சமயம் இதுவே பொருத்தம். செலவு கூடுதல். உள்ளே போதுமான இடமும் வேண்டும். சாதா கான்டாக்ட் லென்ஸ் பலருக்கு உறுத்தலை அதிகமாக்கும். ரொம்ப முற்றிய வறட்சிக்கு, திரவத்தைத் தேக்கிக் கண்ணை நனைத்தே வைக்கும் 'ஸ்க்ளீரல்' லென்ஸ் உண்டு. இது அழகுக்கு அல்ல, வைத்தியத்துக்கு.

இத்தனைக்கும் மேலே, நீங்கள் கழற்றி எறியத் துடிக்கும் அந்தக் கண்ணாடி இருக்கிறதே, அது ஒரு நரம்பையும் அறுப்பதில்லை. ஆடிக் காற்றையும் ஓரளவு தடுக்கிறது!

மெடிக்கல் ஷாப்பில் "கண்ணு எரியுதுங்க" என்று சொல்லி வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், மாதக்கணக்கில் விடும்போது கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். இதமான சூட்டில் துணியை நனைத்து மூடிய இமைமேல் பத்து நிமிடம் வைப்பது, இமையோரத்தைச் சுத்தம் செய்வது, டாக்டர் சொன்ன செயற்கைக் கண்ணீர்... இவற்றுக்குச் சில வாரங்கள் பொறுமை வேண்டும்.

ஒரு இடத்தில் "நாளைக்கே பண்ணிடலாம்" என்றால் இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள். 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு டாக்டர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த், 1997-ல் கோவைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்தே சங்கரா இங்கே இருக்கிறது. கண் டாக்டருக்கா இந்த ஊரில் பஞ்சம்?

சரி, தை மாசக் கல்யாணம்? கண்ணாடியோடேயே மணவறையில் உட்காரட்டும். மாப்பிள்ளை வீட்டார் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தானே பூ வைத்துவிட்டுப் போனார்கள்? போட்டோவில் கண் தெரியாதே என்று அம்மா கவலைப்பட்டால், கடையில் 'ஆன்ட்டி க்ளேர்' கோட்டிங் கேளுங்கள். ஃப்ளாஷ் அவ்வளவாகப் பிரதிபலிக்காது.