அட்மின் பக்கம்: பூட்டு எந்தக் கதவுக்கு?

ஒரு இணையதளத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. வருகிறவர்கள் பார்ப்பது முன்பக்கம். நடத்துகிறவர்கள் உள்ளே போய் வேலை பார்ப்பது அட்மின் டேஷ்போர்டு. முன்பக்கத்தில் ஒரு பட்டனின் நிறம் மாறினாலும் நாலு பேர் கருத்து சொல்வார்கள். அட்மினில் புதிதாக ஒரு பக்கத்தையே சேர்த்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 'உள்ளே இருப்பதுதானே, நம்ம ஆட்கள் மட்டும்தானே பார்க்கப் போகிறார்கள்' என்ற நினைப்பு. ஆபத்தே இந்த நினைப்பில்தான் இருக்கிறது.

வேர்ட்பிரஸ்ஸையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 2003-ல் வலைப்பதிவு எழுதுவதற்காக வந்த மென்பொருள். இன்று கடை, பள்ளி, பத்திரிகை என்று எல்லாமே அதில் ஓடுகிறது. அதன் டேஷ்போர்டில் ஒரு பக்கம் சேர்ப்பது மிகவும் சுலபம். பக்கத்தின் தலைப்பு, மெனுவில் வரவேண்டிய பெயர், பார்ப்பவருக்கு இருக்கவேண்டிய அனுமதி, முகவரியில் வரும் பெயர், பக்கத்தைக் காட்டும் ஃபங்ஷன் - இந்த ஐந்தையும் 'ஆட் மெனு பேஜ்' என்ற ஃபங்ஷனிடம் கொடுத்தால் போதும். இடதுபக்க மெனுவில் புது வரி வந்துவிடும். அனுமதி என்ற இடத்தில் 'மேனேஜ் ஆப்ஷன்ஸ்' என்று கொடுத்தால், அந்த அதிகாரம் இல்லாதவருக்கு மெனுவே தெரியாது. முகவரியைக் கையால் அடித்தாலும் உள்ளே விடாது.

இதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பாதிதான் முடிந்திருக்கிறது!

அட்மின் பக்கத்துக்கு இரண்டு வேலைகள். ஒன்று காட்டுவது, இன்னொன்று மாற்றுவது. மேலே சொன்ன பூட்டு காட்டுவதற்கு மட்டும்தான். 'சேமி' பட்டனை அழுத்தியதும் தகவல் பெரும்பாலும் வேறு வழியாகப் போகிறது. வேர்ட்பிரஸ்ஸில் 'அட்மின் அஜாக்ஸ்' என்றொரு கோப்பு உண்டு. பெயரில்தான் அட்மின், லாகின் செய்யாதவர்கூட அதற்குக் கோரிக்கை அனுப்பலாம். அப்படி அனுப்ப அந்தப் பக்கமும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். வந்தவர் யார், அவருக்கு அதிகாரம் உண்டா என்று கோரிக்கையை வாங்கும் ஃபங்ஷன்தான் கேட்க வேண்டும். அது கேட்காவிட்டால், தெருவாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதைதான்.

2018 நவம்பரில் இது நடந்தே விட்டது. 'டபிள்யூபி ஜிடிபிஆர் கம்ப்ளையன்ஸ்' என்ற ப்ளக்இன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டத்தைப் பின்பற்ற உதவுவதற்காக எழுதப்பட்டது. அதன் செட்டிங்குகளைச் சேமிக்கும் பகுதி அனுமதியைச் சரிபார்க்கவில்லை. தாக்கியவர்கள் யாருடைய கடவுச்சொல்லையும் திருடவில்லை. 'யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம்' என்ற செட்டிங்கை ஆன் செய்தார்கள். புதிதாகப் பதிவு செய்பவருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் பதவி என்று மாற்றினார்கள். பிறகு ராஜமரியாதையோடு பதிவு செய்து உள்ளே போனார்கள். 1.4.3 பதிப்பில் ஓட்டை அடைக்கப்பட்டது. தகவலைக் காக்க நிறுவிய ப்ளக்இன்னே தளத்தைக் காட்டிக்கொடுத்ததுதான் வேடிக்கை.

பெயர்களும் ஏமாற்றும். 'இஸ் அட்மின்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. வந்திருப்பவர் அட்மினா என்று அது பார்ப்பதாகத் தோன்றும். உண்மையில் அது பார்ப்பது, கோரிக்கை அட்மின் பகுதிக்கு வந்ததா என்பதை மட்டும். லாகின் செய்யாதவர் அட்மின் அஜாக்ஸுக்கு அனுப்பினாலும் 'ஆமாம்' என்றுதான் சொல்லும். 'நான்ஸ்' என்ற ரகசியக் குறியீடும் இப்படித்தான். லாகின் செய்திருக்கும் அட்மினை வேறொரு தளம் ஏமாற்றி அவர் பிரவுசர் மூலமாகவே கோரிக்கை அனுப்ப வைப்பதை அது தடுக்கும். அவசியமானதுதான். ஆனால் அதிகாரம் உண்டா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. இரண்டும் வேண்டும்.

'சின்னத் தளம், முகவரி யாருக்குத் தெரியப் போகிறது' என்பார்கள். தேடி வருவது மனிதர்கள் இல்லை. ஒரே கோரிக்கையை ஆயிரக்கணக்கான தளங்களில் தட்டிப் பார்க்கும் நிரல்கள். முகவரி தெரியாது என்பதும் பாதுகாப்பு ஆகாது. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தில் 88.5 கோடி ஆவணங்கள், முகவரியில் இருந்த எண்ணை மாற்றினாலே திறக்கும் நிலையில் கிடந்தது 2019-ல் வெளிவந்தது. ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் பத்து முக்கிய ஆபத்துகளின் பட்டியலில், அனுமதிச் சோதனைக் கோளாறு 2017-ல் ஐந்தாம் இடத்தில் இருந்தது. 2021-ல் முதலிடம்.

இந்தத் தவறு எழுதுபவர் கண்ணில் படாததற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. அவர் எப்போதும் அட்மினாகவே லாகின் செய்து சோதிக்கிறார். அட்மினுக்கு எல்லாம் சரியாகத்தான் வேலை செய்யும். சாதாரண உறுப்பினராக லாகின் செய்து அதே சேமிப்புக் கோரிக்கையை அனுப்ப வேண்டும். லாகின் செய்யாமலும் ஒருமுறை அனுப்ப வேண்டும். இரண்டு முறையும் 'முடியாது' என்று பதில் வந்தால்தான் பக்கம் தயார். அதிகம் போனால் ஐந்து நிமிடம் ஆகும்.

கல்லூரி ப்ராஜெக்டுகளில் அட்மின் பக்கம் இல்லாத ப்ராஜெக்ட் அபூர்வம். வைவாவில் டேபிள் எத்தனை, டிசைன் எப்படி என்றெல்லாம் கேட்கிறார்கள். 'லாகின் செய்யாத ஒருவர் இந்த ஃபார்மை அனுப்பினால் என்ன ஆகும்?' என்ற ஒரு கேள்விக்கும் மார்க் வைக்கலாம். இன்று அதற்கு விடை தெரிந்துகொள்ளும் மாணவர்கள்தான் நாளை நம் ஊர் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் அட்மின் பக்கம் எழுதப் போகிறார்கள்.