ஒப்புக்குச் சப்பாணி நாங்க இல்லை!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி



ஓடிப்பிடிச்சு ஆடும்போது ஒரு சின்னக் குழந்தை "நானும் வர்றேன்"னு அழும். பாவம்னு சேர்த்துக்குவோம். ஆனா அது தொட்டாலும் அவுட் கிடையாது, அதைத் தொட்டாலும் அவுட் கிடையாது. அதுக்குப் பேர்தான் ஒப்புக்குச் சப்பாணி. வீடியோ கேமில் பொண்ணுங்களை ரொம்ப வருஷமா அப்படித்தான் வெச்சிருந்தாங்க. இப்போ கேமுக்குள்ளே அது மாறிடுச்சு. வீட்டுக்குள்ளே இன்னும் மாறல. இதுதான் நான் சொல்ல வந்த கருத்து.

வீடியோ கேம்னாலே பையன்கள் விஷயம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நான் ஆடுறவள். ஆடிப் பார்த்ததை மட்டும்தான் இங்கே எழுதியிருக்கேன். ஆடாத கேமைப் பற்றி நல்லதும் சொல்ல மாட்டேன், கெட்டதும் சொல்ல மாட்டேன்.

பழைய கேசட் காலம்

டி.வி.யில் வயர் மாட்டி ஆடுற கேம் நம்ம ஊர்ல பல வீட்டுல இருந்தது. திருவிழாக் கடையில கையடக்க கேமும் கிடைக்கும். அட்டையில "400 கேம்"னு போட்டிருக்கும். உள்ளே பார்த்தா ஒரே கேம் நாலு பேர்ல வரும்! ஆனா மேரியோவும் கான்ட்ராவும் மட்டும் தவறாம இருக்கும்.

சூப்பர் மேரியோ 1985-ல் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி வெளியிட்டது. 8 உலகம், ஒவ்வொன்றிலும் 4 ஸ்டேஜ், மொத்தம் 32. நம்ம பாண்டி ஆட்டம் மாதிரிதான் இது. எந்தக் கட்டத்துல கால் வைக்கலாம், எதைத் தாண்டணும்னு கணக்குப் போட்டுக் குதிக்கணும். நல்ல கேம். ஆனா இளவரசி? ஏழு உலகத்துக் கடைசியிலயும் கோட்டைக்குள்ளே போனா "இளவரசி இங்கே இல்லை, வேற கோட்டையில இருக்காங்க"ன்னு பதில் வரும். எட்டாவது உலகத்துலதான் அவங்களைப் பார்க்க முடியும். அதுவரைக்கும் அவங்களுக்கு வேலை என்ன? காத்திருக்கிறது மட்டும்தான்.

கான்ட்ரா 1987-ல் வந்தது. ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாம். ரெண்டு வீரர்களுமே ஆண்கள். மூணு லைஃப். ஒரு குண்டு பட்டா ஒரு லைஃப் போச்சு. ரொம்பக் கஷ்டம். ஆனா எனக்குப் பிடிக்கும். ஏன்னா குண்டு கண்ணுக்குத் தெரிஞ்சுதான் வரும். எதிரி எங்கே நிப்பான்னு ஒரு தடவை செத்தா தெரிஞ்சுடும். அடுத்த தடவை தப்பிச்சுக்கலாம். தோத்தா அது நம்ம தப்புதான், கேமோட தப்பு இல்லை. அதனால கான்ட்ரா அழுகுணி ஆட்டம் இல்லைன்னு அடிச்சுச் சொல்வேன்.

1986-ல் மெட்ராய்டுன்னு ஒரு கேம் வந்தது. முழுக் கவசம் போட்ட ஒரு வீரர் வேற்றுக் கிரகத்துல சண்டை போடுவார். வேகமா ஆடி முடிச்சா கடைசியில கவசம் கழலும். உள்ளே இருந்தது சாமுஸ் அரான் என்கிற பெண்! ஒரு பெண் ஜெயிச்சதைக் கடைசி வரைக்கும் ரகசியமா வெச்சிருக்க வேண்டிய காலம் அது.

நான் ஆடிய நான்கு புது கேம்கள்

சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற எங்க மாமா லீவுக்கு வந்தப்போ ஒரு நிண்டெண்டோ ஸ்விட்ச் கொண்டு வந்தார். 2017-ல் வெளியான மாடல் அது. கையில வெச்சும் ஆடலாம், டி.வி.யில மாட்டியும் ஆடலாம். "வீட்டுப் பிள்ளைங்க எல்லாரும் ஆடுங்க"ன்னு கொடுத்துட்டுப் போனார். அதுல நான் ஆடிய நாலு கேமுக்கும் மார்க் போட்டிருக்கேன். மூணு கேள்வி கேட்டுத்தான் மார்க். தோத்தா நியாயமாத் தோக்குறோமா? கதைக்கு முடிவு இருக்கா? கதையை நடத்துறது யாரு?

1. ராஜி (2020): இது நம்ம நாட்டுக் கேம். புனேயில் உள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்தது. ராஜி சர்க்கஸ்ல கரணம் அடிக்கிற ஏழைப் பொண்ணு. தம்பி கோலுவை அசுரர்கள் தூக்கிட்டுப் போயிடுறாங்க. துர்க்கை அம்மன் கொடுத்த திரிசூலத்தோட மீட்கப் போறாள். சுவர்ல ஓடி, தூணைப் பிடிச்சுச் சுத்தி அடிக்கிறாள். சர்க்கஸ்ல கத்துக்கிட்ட வித்தையே சண்டைக்கும் உதவுது. கதையை நிழல் பொம்மை காட்டிச் சொல்றாங்க. தோல்பாவைக்கூத்து பார்த்தவங்களுக்கு உடனே புரியும். குறை என்னன்னா, சில இடத்துல எங்கே குதிக்கணும்னு சரியாத் தெரியாது. கதையும் சட்டுன்னு பாதியில நின்ன மாதிரி முடியுது. 100-க்கு 75.

2. மெட்ராய்டு டிரெட் (2021): அந்தப் பழைய சாமுஸ் அரானே இதுல நாயகி. இப்போ ரகசியம் எதுவும் இல்லை. எம்மின்னு ஏழு ரோபோக்கள் துரத்தும். நம்ம சாதாரணத் துப்பாக்கி அதுங்க மேல வேலை செய்யாது. ஓடணும், ஒளியணும், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். மாட்டினா அநேகமா அவுட்தான். ஆனா அந்த ரோபோ இருக்கிற இடத்துக்கு வாசல்லயே மறுபடியும் ஆரம்பிச்சு விடும். அதனால பயம் இருக்கும், எரிச்சல் இருக்காது. நான் இன்னும் முழுசா முடிக்கல. 100-க்கு 90.

3. பிரின்சஸ் பீச் ஷோடைம் (மார்ச் 2024): மேரியோவில் காத்திருந்தாங்களே, அதே இளவரசிதான். இதுல அவங்களே கதாநாயகி. ஒரு நாடகக் கொட்டகையில வாள் வீராங்கனை, நிஞ்சா, துப்பறிவாளர்னு வேஷம் மாத்தி மாத்திக் காப்பாத்துறாங்க. பார்க்க அழகா இருக்கு. ஆனா ரொம்ப ஈஸி. குதிக்க ஒரு பட்டன், மத்த எல்லாத்துக்கும் ஒரு பட்டன். பொண்ணு கேம்னா சுலபமாத்தான் இருக்கணும்னு யார் சொன்னது? என் தங்கச்சி வயசுக்குச் சரி. எனக்குப் போதாது. 100-க்கு 55.

4. எக்கோஸ் ஆஃப் விஸ்டம் (செப்டம்பர் 2024): இது செல்டா வரிசையில வந்தது. அந்த வரிசை 1986-லேயே தொடங்கிடுச்சு. செல்டா என்பது இளவரசியின் பெயர். ஆனா வாள் பிடிச்சு ஆடுறவன் லிங்க் என்கிற பையன். கேமுக்குப் பெயர் மட்டும் அவளோடது! 38 வருஷம் கழிச்சு இந்தக் கேம்லதான் முக்கிய வரிசையில செல்டாவே முதன்மை நாயகியா வர்றாள். ஆரம்பத்துலயே லிங்க் காணாமப் போயிடுறான். அவள் கையில ஒரு மந்திரக்கோல். கண்ணுல பட்ட பல பொருளை அதால நகல் எடுக்கலாம், தோக்கடிச்ச எதிரியையும் நகல் எடுக்கலாம். கட்டிலை நகல் எடுத்து அடுக்கினா படிக்கட்டு. நீட்டிப் போட்டா பாலம். படுத்துத் தூங்கினா போன உயிர் திரும்ப வரும்! ஒரே சிக்கலுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன், என் அண்ணன் வேற வழி கண்டுபிடிச்சான். ரெண்டுமே சரி. கணக்கு டீச்சர் "வேற முறையிலும் போடலாம்"னு சொல்ற மாதிரி. இதை இயக்கிய இருவரில் ஒருவர் தோமோமி சானோ. செல்டா வரிசையில் இயக்குநரான முதல் பெண் அவர்தான். 100-க்கு 95.

இந்த நாலு கேமிலும் பொண்ணுதான் ஓடுறாள், விழறாள், எழறாள், காப்பாத்துறாள். யாரும் ஒப்புக்குச் சப்பாணி இல்லை.

வீட்டுக்குள்ளே என்ன நடக்குது?

மாமா "எல்லாரும் ஆடுங்க"ன்னு கொடுத்த பொருள் முதல்ல அண்ணன் கைக்குப் போகுது. அப்புறம் அண்ணனோட ஃபிரண்ட்ஸ். அப்புறம் தம்பி. நான் பாத்திரம் விளக்கி, வாசல் கூட்டி, தண்ணி புடிச்சு வெச்சுட்டு வந்து கையில எடுத்தா சார்ஜ் தீர்ந்திருக்கும். சார்ஜ் போட்டு முடியறதுக்குள்ள "பொம்பளப் புள்ளைக்கு இந்நேரத்துல என்ன ஆட்டம்?"னு ஆயா கேட்கும். அண்ணன் ஆடினப்போ யாரும் நேரம் பார்க்கல.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. எங்க வகுப்புத் தோழிகள்கிட்ட கேட்டேன். செல்போனோ, டி.வி. கேமோ எது இருந்தாலும் அண்ணன் தம்பி தூங்கின பிறகுதான் எங்க கைக்கு வருது. "உனக்கு ஆடத் தெரியாது"ன்னு வேற சொல்றாங்க. கையில கொடுத்தாத்தானே தெரியும்? தண்ணியில இறங்காம நீச்சல் வருமா?

பெரியவங்க கேட்கிற கேள்விகள்

"படிப்பு கெட்டுப் போகாதா?" கெடும், அளவு மீறினா. செல்போன்ல இலவசமா வர்ற பல கேமுக்கு முடிவே கிடையாது. துப்பாக்கிக்கு வர்ணம், ஆளுக்குச் சட்டைன்னு காசும் கேட்டுக்கிட்டே இருக்கும். நான் எழுதின நாலும் அப்படி இல்லை. கதை முடிஞ்சா கேம் முடிஞ்சது. ஆனா ஒண்ணு சொல்லணும். எக்கோஸ் ஆஃப் விஸ்டம் அமெரிக்காவில் வெளியானப்போ விலை சுமார் 60 டாலர். நம்ம பணத்துல ஐயாயிரம் ரூபாய் வரும். வாங்கித் தரச் சொல்லி யாரும் வீட்டுல அடம் பிடிக்காதீங்க! என் சண்டை வாங்குறதுக்கு இல்லை, வீட்டுல இருக்கிறதைப் பங்கு போடுறதுக்கு.

"அடிதடிதானே?" அடிதடியிலயும் வித்தியாசம் இருக்கு. அமெரிக்க டப்பாவுல ஒரு எழுத்து போட்டிருக்கும். 'ஈ' என்றால் எல்லாருக்கும். 'டி' என்றால் 13 வயசுக்கு மேல. 'எம்' என்றால் 17 வயசுக்கு மேல. வாங்கும்போது அதைப் பார்க்கணும். "கேமே வேண்டாம்"னு சொல்றதை விட "எந்தக் கேம்?"னு கேட்கிறது நல்லது.

"பொண்ணுக்கு எதுக்கு?" இந்தக் கேள்வியைக் கபடிக்கும் கேட்டாங்க. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. துணைத் தலைவி சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. அதுக்கப்புறம் யாரும் கேட்கல. வீடியோ கேம் ஆடினா தங்கம் கிடைக்கும்னு நான் சொல்லல. கிடைக்கலைன்னாலும் ஆடலாம்னு சொல்றேன். பையன்கள் எல்லாம் மெடலுக்காகவா ஆடுறாங்க? சந்தோஷத்துக்குத்தானே? அந்தச் சந்தோஷம் எங்களுக்கும் வேணும்.

என் வேண்டுகோள்

1. வீட்டுல ஒரு கேம் இருந்தா கடிகாரம் பார்த்து முறை போடுங்க. அண்ணனுக்கு அரை மணின்னா தங்கச்சிக்கும் அரை மணி.

2. ஆடுற நேரத்தைப் பங்கு போட்டாப் போதாது. பாத்திரத்தையும் துடைப்பத்தையும் பங்கு போடுங்க. இல்லைன்னா எங்க அரை மணி வேலையிலயே போயிடும்.

3. பொண்ணு ஆடும்போது பக்கத்துல நின்னு "குதி, குதி"ன்னு கத்தாதீங்க. எங்களுக்கே தோக்கத் தெரியும், தோத்துக் கத்துக்கவும் தெரியும்.

4. தோழிகளே, கேட்காம எதுவும் கிடைக்காது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஆனா அழ வேண்டாம், தெளிவாக் கேளுங்க.

நாமளும் செய்யலாம்

ராஜியைப் புனேயில் செய்தாங்க. 2023-ல் வெண்பான்னு ஒரு கேமை கனடாவின் டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் வெளியிட்டது. அது சண்டைக் கேம் இல்லை, இட்லி செய்யுற சமையல் கேம். ஒரு தமிழ் அம்மாதான் நாயகி. 2024-ல் அதுக்கு பாஃப்டா விருதே கிடைச்சது. அப்போ நம்ம பெரம்பலூரையும் அரியலூரையும் வெச்சு ஒரு ஆக்‌ஷன் கேம் ஏன் வரக்கூடாது?

எனக்கு ஒரு யோசனை. சாத்தனூர்ல 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கு. அது 12 கோடி வருஷத்துக்கு முந்தினது. அந்தப் பக்கம் எல்லாம் அப்போ கடல். காரையில இன்னிக்கும் கடல் உயிரிகள் கல்லாகிக் கிடைக்குது. முதல் ஸ்டேஜ் அந்தக் கடலுக்குள்ளே. ரெண்டாவது ஸ்டேஜ் கங்கைகொண்ட சோழபுரம். மூணாவது ஸ்டேஜ் ரஞ்சன்குடி கோட்டை மதில். ஓடுறது யாரு தெரியுமா? பள்ளிக்கூடச் சீருடை போட்ட, ரெட்டைச் சடை போட்ட ஒரு பொண்ணு. கம்ப்யூட்டர் லேப்ல கோடிங் கத்துக்கிட்டு இருக்கிற அண்ணன், அக்காக்கள் யாராவது சேர்ந்துக்கிறீங்களா? படம் நான் வரையறேன்.

கடைசியா ஒரு கேள்வி. உங்க வீட்டுல கேம் யார் கையில இருக்கு? பதிலை ஒரு தாளில் எழுதி, இந்தக் கட்டுரைக்குக் கீழே இருக்கிற இடத்துல ஒட்டுங்க. பையன்களும் எழுதலாம். உண்மையை எழுதுங்க!