தோலோடு நிற்காத மருந்து

சென்ற மாதம் விடுதியில் என் பக்கத்து அறைத் தம்பி, பச்சை குத்திக்கொள்ளப் புறப்படுமுன், மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தோள் முதல் மணிக்கட்டு வரை வெண்ணெய்போல் அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தோலோடு நிற்கிற சமாசாரந்தானே அண்ணா?" என்றார். நண்பர்களே, நம்மில் பலர் அப்படித்தான் எண்ணுகிறோம்.

அக்களிம்பில் இருந்தது லிக்னோகெயின். பல் பிடுங்கும்போது போடும் ஊசியிலும் பெரும்பாலும் இதுவே. ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் என்ற ரசாயன அறிஞர் 1943-ல் இதைத் தயாரித்தார். அவருடைய இளம் சகா பெங்ட் லுண்ட்க்விஸ்ட் தம் உடம்பிலேயே குத்திப் பார்த்தார். (அந்தத் துணிச்சல் நமக்கு வேண்டாம்.) நரம்பில் சோடியம் நுழையும் வாயிலை இம்மருந்து அடைக்கிறது, வலிச்செய்தி மூளைக்கு எட்டுவதில்லை. இதயத்திலும் அத்தகைய வாயில்கள் உண்டு. ஆகவேதான் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அடக்க வைத்தியர்கள் இதை இரத்தக் குழாயில் ஏற்றுவதுண்டு. அளவு மீறினால் இதுவே இதயத்தை நிறுத்தியும் விடும்.

அட்ரினலின் கலவாத ஊசிக்கு, கிலோ எடைக்குச் சுமார் 4.5 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்சவரம்பு. 2 சதவீத மருந்தானால், 50 கிலோ மாணவிக்கு 11 மில்லிலிட்டரில் எல்லை வந்துவிடும். ஊசி போடுகிறவர் இக்கணக்கைப் பார்க்கிறார். குழாயைப் பிதுக்குகிறவருக்குக் கணக்கு ஏது? அமெரிக்காவில் 22, 25 வயதுப் பெண்கள் இருவர், லேசரால் ரோமம் நீக்கிக்கொள்ளுமுன் கால்களில் இத்தகைய களிம்பைப் பூசித் தாளால் சுற்றிக்கொண்டு, வலிப்புக் கண்டு இறந்தனர். அந்நாட்டு மருந்துத் துறை 2007-ல் எச்சரிக்கை வெளியிட்டது. தாள் சுற்றினால் மருந்து இரத்தத்தில் கூடுதலாக இறங்கும். வைத்தியர் சொன்னால் சிறு இடத்தில், சொன்ன நேரம் மட்டுமே அது கூடும்.

ஊசிக்கு அஞ்சிச் சொத்தைப்பல்லைப் பேணி வளர்ப்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அளவோடு போட்டால் இது நல்ல மருந்து. விவரம் கேட்காமல் களிம்பை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரோடும், கேட்க வெட்கப்படும் நம்மோடுந்தான் என் வழக்கு. பல் வைத்தியரிடம் உதடு மரப்பது இயல்பு. கையில் பூசியவருக்கு உதடு மரத்தாலோ, காது இரைந்தாலோ, வாயில் உலோகச் சுவை தட்டினாலோ, களிம்பைத் துடைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தம்பி முனகிக்கொண்டே கையைக் கழுவினார். பச்சை குத்தியபோது நன்றாக வலித்ததாம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.