வெண்பாவுக்கு என்ன சாதி?

எதுகை, மோனை, சீர், தளை என்று பேச்செடுத்தாலே தோழர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. 'எல்லாம் மேல்சாதி இலக்கணம், தூக்கிப் போடு' என்கிறார்கள். கோபம் நியாயந்தான். ஆனா எதைத் தூக்கிப் போடுறோம்னு பாத்துப் போடணும்.

யாருக்கு எந்தப் பாட்டைப் பாடலாம் என்று விதி சொல்லவே பாட்டியல் என்று ஒரு வகை நூல்கள் உண்டு. குணவீர பண்டிதரின் வெண்பாப் பாட்டியல் அதில் ஒன்று. அந்தணருக்கு வெண்பா, அரசருக்கு ஆசிரியப்பா, வணிகருக்குக் கலிப்பா, வேளாளருக்கு வஞ்சிப்பா. எழுத்துக்கும் இதே பங்கீடுதான். ழ, ள இரண்டும் நாலாம் வருணம். (தமிழ் என்ற பேரே நாலாம் வருண எழுத்தில்தான் முடிகிறது, பெருமை பேசுகிறவர்கள் கவனிக்க.) கலம்பகம் என்றால் தேவருக்கு 100 பாட்டு, அந்தணருக்கு 95, அரசருக்கு 90, அமைச்சருக்கு 70, வணிகருக்கு 50, வேளாளருக்கு 30. அதுக்குக் கீழே? பூச்சியம்னுகூட எழுதலை. தூக்கிப் போட வேண்டியது இதைத்தான்.

யாப்பு வேற. தொல்காப்பியச் செய்யுளியல் பாவுக்கு வருணம் பிரிக்கவில்லை. யாப்பின் ஏழு வகையைச் சொல்லும்போது பாட்டோடும் நூலோடும் பிசியையும் முதுசொல்லையும் சேர்த்தே சொல்கிறது. பிசின்னா விடுகதை, முதுசொல்னா பழமொழி. நம்ம திண்ணைப் பேச்சு அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அடிகளின் தொடக்கத்தில் முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை, அடிகளின் முடிவு ஒத்தால் இயைபு. அவ்வளவுதான் சங்கதி. எங்க ஊர்ல சாவு விழுந்தா மாரடிச்சு அழுவுற கிழவிகளுக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. ஆனா ஓர் அடியை 'தங்கம்' என்று எடுத்தால் அடுத்த அடி 'சிங்கம்' என்று வந்து நிற்கும். ஒரு சொல்லை மட்டும் மாற்றி அதே வரியைத் திரும்பச் சொல்வார்கள். முடிவில் நெஞ்சடைக்க ஓர் இழுப்பு. அதை அளபெடை என்று சொன்னால் எந்தப் புலவர் மறுப்பார்? 'அடி' என்ற சொல்லையே பாருங்கள். புலவருக்கு அது பாட்டின் வரி. சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் பிடிக்கிறவருக்குச் சாவு அடி, கல்யாண அடி. இரண்டும் ஒரே வேர்தானா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அடியை மாத்துன்னா ஆட்டமே மாறுது, அந்த அடிக்கும் இலக்கணம் இருக்கு.

நான் வங்கியில் எழுத்தர். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். தேடிப்பிடித்து உரிய கணக்குக்கு மாற்றாவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும். பல்கலைக்கழகங்களில் நம் ஒப்பாரி 'நாட்டுப்புறப் பாடல்' என்ற தலைப்பில் அப்படித்தான் கிடக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. பாடினவள் அங்கே வெறும் 'தகவலாளி'. அதே மெட்டு சினிமாவுக்குப் போனால் பல்லவி, சரணம் என்று பேர் கிடைக்கும், எழுதினவர் கவிஞர் ஆவார்.

நம் இதழிலேயே ஆரம்பிக்கலாம். அடுத்த முறை ஓர் ஒப்பாரியை அடி பிரித்து, எதுகை மோனை குறித்து, கவிதைப் பக்கத்திலேயே போடுங்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வேண்டாம். பாடினவங்க சம்மதிச்சா மேலே அவங்க பேரும் வரணும். இடம் போதலைன்னா என் கவிதைக்கு ஒதுக்கின பக்கத்தை எடுத்துக்குங்க.